அந்தி வெளிச்சத்துக்கு ஒரு மலிவு ஸ்கோப்

பராகா,
டிசம்பர் 8

மதிப்புக்குரிய மைத்துனர் டுவெய்ன் ஹூட்டா அவர்களுக்கு,

உங்கள் அக்கா ஐலியின் கணவன் லாயிட் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அங்கே நீங்களும் டோனாவும் நலமாக இருப்பீர்கள், உங்கள் முழங்கால் வலியும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே பனி ஜன்னல் விளிம்பு வரை ஏறிவிட்டது. நீங்கள் கொடுத்தனுப்பிய மான் சாசேஜ் பத்திரமாக வந்து சேர்ந்தது. ஐலி ருசித்துச் சாப்பிடுகிறாள். எனக்கு அது தொண்டைக்குள் இறங்கவில்லை, அதில் சாசேஜின் குற்றம் எதுவும் கிடையாது.

இத்தனை வருஷத்தில் உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை, இப்போது என்ன வந்தது என்று நினைப்பாய். (நீங்கள், உங்கள் என்றே கடைசிவரை எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை, மன்னிக்கவும்.) போனில் சொல்லலாம்தான். எங்கள் வீட்டுப் போன் சமையலறையில் இருக்கிறது, சமையலறையில் உன் அக்கா இருக்கிறாள். போன வாரம் நீ கூப்பிட்டு, பக்கத்துக் கேம்புக்கார டெரில் மேல் வன அதிகாரிக்குப் புகார் எழுதுகிறேன், நீ இருபது வருஷமாக வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறவன், உன் பேச்சுக்கு மதிப்பு உண்டு, சாட்சியாக ஒரு கையெழுத்துப் போடு என்று கேட்டாய். நானும் அதற்கென்ன, போட்டால் போச்சு என்று சொல்லிவிட்டு வைத்தேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அந்தக் கையெழுத்தை நான் போட முடியாது, டுவெய்ன். உன் வேட்டைக் கேம்பில் ஆவிக்குளியல் போடுகிற சவுனாவின் சுவரில் துப்பாக்கிக் குண்டால் ஓட்டை போட்டது டெரில் இல்லை. நான்தான்.

இதை எழுதி முடித்துவிட்டு எழுந்து போய் ஒரு காபி குடித்துவிட்டு வந்தேன். இனி எப்படி நடந்தது என்று சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் காரணம், குறி பார்க்கத் துப்பாக்கிமேல் மாட்டுகிற ஒரு ஸ்கோப்.

போன வருஷம் கேம்பில் என் சட்டையின் கீழ்த் தொங்கலை நீங்கள் எல்லோரும் சேர்ந்து கத்தரித்துச் சுவரில் ஆணியடித்தது உனக்கு மறந்திருக்காது. குறி தப்பினவன் சட்டையை வெட்டுவது நம் கேம்பின் வழக்கம், நானே எத்தனை பேர் சட்டையை வெட்டிச் சிரித்திருக்கிறேன், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் நான் குறி தப்பவில்லை. அந்தியில் மானுக்கு இரையாகக் கொட்டி வைத்த கேரட் குவியலுக்குப் பக்கத்தில் அவ்வளவு பெரிய கொம்பு மான் நின்றது, நீ வெறுங்கண்ணால் பார்த்துவிட்டு என் விலாவில் இடிக்கிறாய், நான் ஸ்கோப்பில் தேடுகிறேன் தேடுகிறேன், சாம்பல் நிறத்தில் கஞ்சி மாதிரி ஏதோ தெரிகிறது, கஞ்சியில் எங்கே சுடுவது? கடைசியில் ஏதோ ஒன்றைச் சுட்டு வைத்தேன், அது பிர்ச் மரம். அன்றைக்கே முடிவு கட்டினேன், அடுத்த சீசனுக்குள் அந்தி வெளிச்சத்துக்கு ஏற்ற ஒரு நல்ல ஸ்கோப் வாங்கியே தீருவது என்று. உன் அக்காவிடம் சொன்னேன். முன்னூறு டாலரைத் தாண்டினால் நீங்களும் உங்க ஸ்கோப்பும் கேரேஜ்ல படுத்துக்குங்க என்றாள். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் செய்கிற கண்ணாடிகளை நம்மால் படத்தில்தான் பார்க்க முடியும் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

வசந்தம் முழுக்கப் படித்தேன். பள்ளிக்கூடத்தில் நான் இவ்வளவு படித்திருந்தால் முப்பது வருஷம் பஸ் ஓட்டியிருக்க மாட்டேன். அப்புறம் எல்வுட் கடைக்குப் போனேன். எல்வுட்டைத்தான் உனக்குத் தெரியுமே, சாமான் விற்பதைவிடப் பேசுவதில் ஆசை அதிகம். கடையின் குழல் விளக்குக்குக் கீழே எல்லா ஸ்கோப்பும் தெளிவாத்தான் தெரியும், அந்தியில வெளியில வச்சுப் பார்க்கணும், சாயங்காலம் வா என்றார். போனேன். நாலைந்து ஸ்கோப்பைத் துப்பாக்கியில் மாட்டாமல் வெறுமே எடுத்துக்கொண்டு வந்து, தன் வண்டியின் முன்பக்கத்தில் மணல் மூட்டை போட்டு அதன்மேல் வைத்தார். முன்கண்ணாடி பெருசா இருந்தா மட்டும் போதாது லாயிட், இருட்ட இருட்ட உருப்பெருக்கத்தைக் குறைக்கணும், அப்பதான் வெளிச்சம் வரும், அதுலயும் நம்ம வயசுக்கு ஓரளவுக்கு மேல வர்ற வெளிச்சம் கண்ணுக்குள்ளேயே போகாது, காசு கொடுக்கிறதுன்னா அளவுக்குக் கொடுக்காத, கண்ணாடிமேல பூசியிருக்கிற பூச்சுக்குக் கொடு என்று பாடம் எடுத்துவிட்டு, நாற்பது மில்லிமீட்டர் முன்கண்ணாடி போட்ட சாதாரண ஸ்கோப் ஒன்றை நீட்டி, ரோட்டுக்கு அந்தப்பக்கம் சர்ச் வாசலில் இருக்கிற அறிவிப்புப் பலகையைப் படி என்றார்.

இங்கே நான் ஒரு காரியம் செய்தேன், சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அது நம் சர்ச். அந்தப் பலகையை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பார்க்கிறேன். ஸ்கோப்பில் வழக்கமான கஞ்சிதான் தெரிந்தது, ஆனாலும் நான் ஆராதனை பத்து மணி, பிறகு காபியும் பலகாரமும், அனைவரும் வருக என்று கணீரென்று ஒப்பித்தேன். எல்வுட் ஸ்கோப்பை வாங்கித் தானே ஒரு தடவை பார்த்தார். அப்புறம், பலகையைப் போன வாரமே மாத்திட்டாங்க லாயிட், அதுல இப்ப மீன் வறுவல் விருந்துன்னு போட்டிருக்கு என்றார். நான் ஸ்கோப் சரியில்லை என்றேன். அடுத்ததைக் கொடுத்தார், அதுவும் சரியில்லை. எல்லாமே சரியில்லை. இடது கண்ணால பாரேன் என்றார். நான் வலது கைக்காரன், பிறந்ததிலிருந்து வலது கண்ணால் சுடுகிறவன், இடது கண்ணை வைத்து என்ன செய்வது என்று கோபித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தக் கோபத்தில் தபாலில் வரவழைத்தேன் ஒன்று. பேர்கூட வாயில் நுழையாது. ஐம்பத்தாறு மில்லிமீட்டர் முன்கண்ணாடி, உருப்பெருக்கம் பதினாறு வரைக்கும் போகும், குறுக்குக் கம்பி சிவப்பாக எரியும், பெட்டியில் ஓர் ஓநாய் படம். இவ்வளவும் ஐலி சொன்ன வரம்புக்குள். வந்து பார்த்தால் ஒரு தெர்மாஸ் குடுவை அளவுக்கு இருந்தது. துப்பாக்கியில் ஸ்கோப்பைப் பிடிக்கிற பழைய வளையத்தில் அது உட்காரவில்லை. உயரமான வளையம் வாங்கினேன். வளையம் உயர்ந்ததும் கன்னம் துப்பாக்கிக் கட்டையில் படவில்லை. ஐலியின் பழைய சோபா மெத்தையை வெட்டிக் கட்டைமேல் வைத்து டேப் சுற்றினேன். கண்ணை நன்றாக ஒட்டி வைத்தால்தான் ஏதாவது தெரிந்தது. ஒட்டி வைத்தேன்.

நவம்பர் பதினைந்து, சீசன் தொடங்கிய நாள். நீ முழங்கால் வலி என்று சீக்கிரமே இறங்கிப்போய்ச் சவுனாவில் விறகு போட்டுவிட்டாய். நான் மானுக்காகப் பதுங்குகிற என் மறைவில் உட்கார்ந்து, இறைச்சி அடைத்த பாஸ்டியைச் சாப்பிட்டு முடித்து, ஒன்றும் வராமல், இருட்டத் தொடங்கியதும் கேம்புக்குக் கிளம்பினேன். பாதையைத் தவறவிட்டேன். சிரிக்காதே, அந்தக் காட்டில் எனக்குத் தெரியாத மரம் கிடையாது, ஆனாலும் தவறவிட்டேன். எங்கோ ஒரு வெட்டவெளியின் ஓரத்துக்கு வந்தால், எதிரே கொம்பும் கழுத்துமாக ஒரு கலைமான் நிற்கிறது. சுடுவதற்குச் சட்டம் கொடுத்த நேரம் முடிந்துவிட்டதா என்று கடிகாரம் பார்க்கவில்லை. ஒரு மரத்தில் சாய்ந்துகொண்டு உருப்பெருக்கத்தைக் கடைசிவரை ஏற்றினேன், சிவப்பு விளக்கையும் கடைசிவரை ஏற்றினேன். கண்ணுக்குள் ஒரே சிவப்பு, அதற்குப் பின்னால் கொஞ்சம் மான். சுட்டேன். ஸ்கோப் பின்னால் வந்து என் புருவத்தில் நறுக்கென்று ஒரு பிறை வெட்டியது. மான் அசையவில்லை. இவ்வளவு திமிர் பிடித்த மானை நான் பார்த்ததில்லை. மறுபடி சுட்டேன். அசையவில்லை. மூன்றாவது தடவையும் சுட்டேன். ரத்தம் கண்ணில் இறங்குகிறது, மான் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறது.

அது நீ வில் பழகுவதற்கு வாங்கின பொம்மை மான், டுவெய்ன். கொட்டகைக்குப் பின்னால் இருந்ததை விறகு அடுக்க இடம் வேண்டும் என்று நீ அங்கே இழுத்துப் போட்டது எனக்குத் தெரியாது. நான் நின்றது கேம்பின் வடக்குப் பக்கம் என்பதும் தெரியாது. பொம்மைக்குப் பின்னால் மரங்கள், மரங்களுக்குப் பின்னால் சவுனா, சவுனாவுக்குள் நீ. குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் விசையில் விரல் வைக்காதே என்று ஒவ்வொரு வருஷமும் வகுப்பின் முதல் நாள் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவன் நான்.

இதற்கு மேல்தான் எழுதக் கை வரவில்லை. மூன்றாவது சத்தத்துக்குப் பிறகு மரங்களுக்கு நடுவே வெள்ளையாக ஏதோ வந்து நின்றது. உயரமாக, ஆவி பறக்க. என்னவென்று தெரியவில்லை. கழுத்தில் பைனாகுலர் தொங்குகிறது. அதை எடுக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் துப்பாக்கியைத் தூக்கி ஸ்கோப்பால் பார்த்தேன். ஸ்கோப்பால் பார்த்தேன் என்றால் துப்பாக்கியை நீட்டினேன் என்று அர்த்தம், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வகுப்பில் இதைச் செய்த ஆளை அந்த இடத்திலேயே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன், அவன் அம்மா வந்து கெஞ்சியும் சேர்க்கவில்லை. சிவப்புக் கம்பிக்கு நடுவில் ஒரு வயிறு. வயிற்றில் மங்கலாக ஒரு கோடு, குடலிறக்கத்துக்குத் தைத்த தழும்பு. ஆஸ்பத்திரியில் அந்தத் தழும்புக்குக் கட்டு மாற்றும்போது பக்கத்தில் நின்றவன் நான்தான். அப்புறம்தான் உன் குரல் கேட்டது.

"எவன்டா அது? இங்க மனுஷன் இருக்கான்டா!"

நான்தான் மச்சான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை. சொல்லவில்லை. துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு, குனிந்தபடியே பின்னால் நகர்ந்து, சதுப்பைச் சுற்றி, இடுப்புவரை நனைந்து, தெற்குப் பக்கமாகக் கேம்புக்கு வந்து, என்ன டுவெய்ன், ஏதோ சத்தம் கேட்டதே என்று கேட்டேன். நீ துண்டைக் கட்டிக்கொண்டு என் புருவத்தைப் பார்த்தாய்.

"என்ன மச்சான் இது, இவ்வளவு ரத்தம்?"

"கிளை அடிச்சிருச்சு."

"உக்காரு, உக்காரு. நனைஞ்சு வேற போயிருக்க. முதல்ல சவுனாவுல போய் உக்காரு, கட்டுப் போட்டு விடுறேன்."

நீ உன் கையால் கட்டுப் போட்டாய். மேல்பலகையில், சூடான இடத்தில், எனக்கு இடம் கொடுத்தாய். மறுநாள் காலையில் அதே மேல்பலகைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், சுவரில் ஓர் ஓட்டை வழியாக வெளிச்சம் உள்ளே வந்ததைப் பார்த்துவிட்டு நீதான் எல்லோரையும் கூப்பிட்டாய். வெளியே வந்து பார்த்தால் பொம்மை மானின் நெஞ்சிலும் ஓர் ஓட்டை. அதில் கண்ணை வைத்துப் பார்த்தால் நேர்கோட்டில் சவுனா. அந்த டெரில் பயதான், பெரிய பாலத்துக்குத் தெற்கேயிருந்து வர்ற வெளியூர்ப் பூதங்களுக்குத்தான் பொம்மைக்கும் உயிருக்கும் வித்தியாசம் தெரியாது என்று கத்தினாய். டெரில் வீட்டார் அவர் அப்பா காலத்திலிருந்து உன் நிலத்து வழியாகத்தான் தங்கள் கேம்புக்குப் போய்வருகிறார்கள். அன்றைக்கே ஒரு ஸ்ப்ரூஸ் மரத்தை வெட்டி வண்டிப் பாதைக்குக் குறுக்கே தள்ளினாய். அவருடைய வண்டி உள்ளே மாட்டிக்கொண்டது. அவரும் அவர் மாமனாரும் பனியில் ரோடுவரை நடந்தார்கள். அந்த மரத்தை அறுத்த ரம்பத்தின் மறுமுனையைப் பிடித்தது நான், டுவெய்ன்.

அதோடு விட்டேனா? நன்றிகூறல் விருந்தில் இருபது பேருக்கு நடுவில் நீ கதையைச் சொன்னாய். வாயை மூடிக்கொண்டு வான்கோழியைச் சாப்பிட்டிருக்கலாம். அந்த மாதிரி ஆளுக்கெல்லாம் லைசென்ஸே கொடுக்கக் கூடாது, என் வகுப்புக்கு வந்திருந்தா முதல் நாளே வெளிய அனுப்பியிருப்பேன் என்று நான் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். உன் அக்கா என்னைப் பெருமையாகப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் பார்த்ததற்குப் பிறகு அப்படி ஒரு பார்வையை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஆகவே குற்றம் என்னுடையது. அதில் ஒரு பங்கு அந்த ஓநாய்ப் பெட்டி ஸ்கோப்புக்கும் உண்டு என்பதை மட்டும் சொல்லிக்கொள்ள அனுமதி கொடு. குறி ஒன்றும் தப்பவில்லை, நெஞ்சைப் பார்த்துச் சுட்டேன், நெஞ்சிலேயே பட்டிருக்கிறது. கை சரியாகத்தான் இருந்தது. மங்கலான மலிவுக் கண்ணாடிதான் பொம்மையை மான் என்று காட்டிவிட்டது. டெரிலிடம் நானே போய் மன்னிப்புக் கேட்கிறேன், மரத்தையும் நானே அறுத்து எடுக்கிறேன். பாதுகாப்பு வகுப்பை இந்த வருஷத்தோடு விட்டுவிடுகிறேன். கேம்பில் என் கட்டிலை வேறு யாருக்காவது கொடுத்துவிடு. நீ என்னோடு பேசாமல் இருந்தாலும் நியாயம்தான்.

உன் வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல். உன் கூரையில் பனி அளவோடு விழட்டும், உன் விறகு ஈரமில்லாமல் எரியட்டும், முழங்கால் உன் சொல்பேச்சுக் கேட்கட்டும் என்று ஆண்டவரை வேண்டும்,

உன் அக்கா புருஷன்
லாயிட் கர்வோனென்

பின்குறிப்பு: எழுத்து மாறியிருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. இது உன் அக்காவின் கை. நேற்று நான் ஸ்டாம்பு தேடிக்கொண்டிருந்தபோது கடிதம் மேஜைமேல் கிடந்தது, அவள் படித்துவிட்டாள். படித்துவிட்டு, உங்க எழுத்து ஒரு வரி மேல இன்னொரு வரி ஏறி உக்காந்திருக்கு, அவனுக்குப் பாதி புரியாது, பின்குறிப்பு ஏதாவது இருந்தா சொல்லுங்க, நான் எழுதுறேன் என்றாள். அப்போது பின்குறிப்பு எதுவும் இல்லை. இன்று காலை டோனா போன் செய்த பிறகு இருக்கிறது.

டெரில் ஒரு புதுப் பொம்மை மானைத் தோளில் போட்டுக்கொண்டு உன் வீட்டுக்கு நடந்தே வந்தாராமே. சீசன் தொடங்கின அன்று மத்தியானம், கேம்பில் யாரும் இல்லாத நேரம், ஒரே ஒரு தடவை சுட்டதாகவும், பொம்மை என்று தெரிந்ததும் வெட்கத்தில் ஓடிவிட்டதாகவும், மனசு கேட்காமல் வந்ததாகவும் சொல்லி அழுதாராமே. நீ விளக்கை எடுத்துக்கொண்டு கேம்புக்குப் போய்ப் பொம்மையையும் சவுனாவையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாயாம். அவர் போட்ட ஓட்டையைத் தவிர வேறு ஓட்டை கிடையாதாம்.

அப்படியென்றால் இத்தனை நாளாக நான் யாருக்காகத் தூங்காமல் கிடந்தேனோ, குற்றவாளி அவரேதான். சரி, அது போகட்டும். என் மூன்று குண்டும் எங்கே, டுவெய்ன்? ஒரு கல்லெறி தூரம். அசையாத மான். ஒன்றுகூடப் படவில்லை. மேலே கை சரியாக இருந்தது என்று எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடலாம் என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். உன் அக்காவைத் தவிர யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் குண்டு எங்கே போகவில்லை என்பதில் எனக்கு என்ன பெருமை இருக்கிறது? துப்பாக்கி முனையில் உன் வயிறு இருந்தது. அதை டெரில் செய்யவில்லை.

ஸ்கோப்மேலும் குற்றம் இல்லை. எல்வுட் காட்டின முதல் ஸ்கோப்பே நல்ல ஸ்கோப்தான். மார்கெட் ஊரில் கண் டாக்டர் ஆகஸ்ட் மாதமே சொல்லிவிட்டார், வலது கண்ணில் புரை முற்றியிருக்கிறது, சின்ன ஆபரேஷன், பயப்பட ஒன்றுமில்லை என்று. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் துப்பாக்கியை வாங்கி வைத்துவிடுவீர்கள், அப்புறம் வண்டிச் சாவி, அப்புறம் வகுப்பு, அப்புறம் கேம்பில் நான் பாத்திரம் கழுவுகிற ஆள். கண்ணுக்குச் செய்ய வேண்டியதைத் துப்பாக்கிக்குச் செய்து சமாளித்துவிடலாம் என்று பார்த்தேன்.

ஆகஸ்ட் என்று நான் சொன்னபோது உன் அக்காவின் பேனா நின்றுவிட்டது. சர்ச்சுக்கும் கடைக்கும் என் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை தடவை வந்திருப்பாள் என்று எண்ணிப் பார்க்கிறாள் போலிருக்கிறது. அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ம், சொல்லுங்க என்றாள். சொல்கிறேன். ஆபரேஷன் வருகிற வியாழக்கிழமை. போகும்போதும் வரும்போதும் நான் வண்டி ஓட்டக் கூடாதாம், ஐலிக்குப் பனியில் ஓட்டப் பயம். நீ கூட்டிப்போவாயா? வழி முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே ஓட்டு, கேட்டுக்கொள்கிறேன். உன் அக்கா இன்னும் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை, எதிரே உட்கார்ந்து நான் சொல்வதை அப்படியே எழுதுகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. வியாழன்வரை காத்திருக்காதே, இன்றைக்கே வா.